பிச்சையம்மாள் சொல்லாத பதில்

காரைக்குடியில் முப்பத்தாறு வயதுப் பொம்பளை ஒருத்தி காலேஜுக்குப் போய்ப் படித்தாள் என்றால், நம்புகிறவர்கள் நம்புங்கள். மற்றவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவள் பீஸ் கட்டவில்லை, பாரம் எழுதிக் கொடுக்கவில்லை, புத்தகப் பையும் கொண்டுபோகவில்லை. கையில் ஒரு தூக்குச்சட்டிதான். அதில் புருஷனுக்கு மத்தியானச் சோறு இருக்கும். அந்தச் சட்டியைக் காட்டித்தான் வாட்ச்மேனைத் தாண்டினாள், வராந்தாவைத் தாண்டினாள், கடைசியில் வகுப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்தாள்.

அவள் பெயர் பிச்சையம்மாள். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிப்பு. மகள் மீனம்மாளைக் காளையார்கோவிலில் கட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டில் அவளும் புருஷனுமாக இருந்தார்கள். புருஷன் நகைவேலை பார்த்த பத்தர், இப்போது காலேஜில் கெமிஸ்ட்ரி லேபுக்கு அட்டெண்டர். அவர் பெயரை நான் சொல்லலாம், எனக்கு ஒன்றும் ஆகாது. வைரவன். பிச்சையம்மாள் மட்டும் சொல்லமாட்டாள்.

சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்று அவள் ஆத்தா காதில் ஓதி அனுப்பியிருந்தாள். அந்தக் காலத்தில் எந்தப் பொம்பளை புருஷன் பெயரைச் சொன்னாள் என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் மற்றவர்கள் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். இவள் அந்தப் பெயரின் முதல் ரெண்டு எழுத்து எங்கே வந்தாலும் ஒதுங்கிப் போவாள். சாமி பெயர் வேறு, கல்லின் பெயர் வேறு என்று தமிழ் வாத்தியார் யாராவது பிரித்துச் சொல்லலாம். அவள் வாய்க்கு எல்லாம் ஒன்றுதான். வைரம் பாய்ந்த தேக்கைக் ‘கெட்டிக்கட்டை’ என்பாள். வைரவன்பட்டி கோயிலுக்குப் போக பஸ் ஏறினால், “பிள்ளையார்பட்டிக்கு அடுத்த ஊருக்கு ஒரு டிக்கெட்டு” என்பாள். “ஏன் ஆத்தா, அந்த ஊருக்குப் பேரு இல்லையா?” என்று கண்டக்டர் கேட்டால், “இருக்கு, நீங்களே சொல்லிக்கங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பத்தர் வீட்டில் குடித்தனம் பண்ணிக்கொண்டு வைரம் என்று சொல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். வைரத்துக்கு ‘வெள்ளைக்கல்’ என்று பெயர் மாற்றிவிட்டாள். ஊரில் வெள்ளைக்கல் என்றால் கண்ணாடிக்கல், திருவிழாக் கடையில் விற்கிற சரக்கு. ஒருநாள் பெரிய வீட்டு ஆச்சி ஒருத்தர் தம் ஏழுகல் வைரத் தோட்டை வாங்கிப்போக வந்தார். பத்தர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பிச்சையம்மாள் வாயெல்லாம் பல்லாக, “வாங்க ஆச்சி, உங்க வெள்ளைக்கல் தோடு தயாரா இருக்கு” என்றாள். கல்லை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து ஆச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து, விசிறி, விஷயத்தை விளக்கி அவரை அனுப்பிவைப்பதற்குள் பத்தருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“உன் வாயால நான் ஒருநாள் ஜெயிலுக்குப் போகப்போறேன் பாரு” என்றார் வைரவன்.

“போனாலும் நூறு வயசு இருப்பீகள்ல” என்றாள் அவள்.

அறுபத்துமூன்றில் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது. பதினாலு காரட் தங்கத்தைச் செட்டிநாட்டில் யார் காதில் போடுவார்கள்? ஒரு ஆச்சியும் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தெரு முழுக்கக் குமுட்டி அடுப்புகள் அணைந்தன. ஒருநாள் உச்சிப்பொழுதில் பிச்சையம்மாள் கிணற்றடியிலிருந்து உள்ளே வந்தபோது, வைரவன் பட்டறைப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் திராவகக் குப்பி. மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்தக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் குடத்தை இறக்கிவைத்தாள். குப்பியை அவர் கையிலிருந்து வாங்கினாள், அவரும் கொடுத்துவிட்டார். கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ச் சுண்ணாம்புத் தரையில் கவிழ்த்தாள். தரை புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. அது அடங்குகிற வரைக்கும் அங்கேயே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையையே இப்படித் தின்கிற தண்ணி மனுஷன் உள்ளுக்குள் போயிருந்தால் என்று நினைத்ததும் வெறுங்குப்பியைக் கொல்லைச் சுவருக்கு வெளியே வீசினாள். அந்தப் பேச்சை அப்புறம் ரெண்டு பேருமே எடுக்கவில்லை. ஆனால் அது ஏன் அப்படி நுரைத்தது என்ற கேள்வி மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

மறு வருஷம் காலேஜில் திராவகம் கையாளத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடினார்கள். வைரவன் போய் நின்றார், வேலை கிடைத்தது. அன்றிலிருந்து பிச்சையம்மாள் நாலு வருஷம் சோறு சுமந்தாள். லேபுக்கும் வகுப்புக்கும் நடுவில் பாட்டில்கள் அடுக்கிய ஸ்டோர் ரூம் ஒன்று உண்டு. அதில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மணியடிக்கக் காத்திருப்பாள். வகுப்பிலிருந்து பாடம் கேட்கும். எல்லாம் இங்கிலீஷ். ஓட்டில் மழை பெய்கிற சத்தமும் அதுவும் அவளுக்கு ஒன்றுதான்.

அறுபத்தெட்டு ஜூனில் பி.யு.சி.யில் ஒரு பிரிவுக்குத் தமிழிலேயே பாடம் என்று வந்தது. கெமிஸ்ட்ரி எடுத்தவர் காசிவிஸ்வநாதன், தேவகோட்டைக்காரர். பன்னிரண்டு வருஷமாக இங்கிலீஷில் பாடம் நடத்தியவர். வீட்டில் தமிழ், கடையில் தமிழ், கோபம் வந்தால் நல்ல தமிழ். பாடம் மட்டும் அதுவரை இங்கிலீஷ். இப்போது கலைச்சொல் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ரெண்டாவது வாரம் ஒருநாள் பிச்சையம்மாள் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். உள்ளே காசிவிஸ்வநாதன் சொல்லிக்கொண்டிருந்தார். “சுண்ணாம்புக்கல் மேல் அமிலம் பட்டால் நுரைத்துப் பொங்கும். அமிலம்னா வேற ஒண்ணுமில்லை, நீங்க திராவகம்னு சொல்றீங்களே, அதுதான். அப்ப வெளிவருவது கரியமில வாயு. நாம வெளியே விடுற மூச்சில் இருக்கே, அதே வாயு.”

பிச்சையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். மூச்சா! அஞ்சு வருஷமாக அவள் கண்ணுக்குள் நுரைத்துக்கொண்டிருந்தது வெறும் மூச்சுக்காற்றா! அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வருத்தத்தில் வந்த அழுகை இல்லை. பயந்துகொண்டே இருந்த ஒன்றுக்குக் காரணம் தெரிந்தால் வருமே, அந்த அழுகை. மணியடித்து வைரவன் வந்தபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, கண்ணு கலங்கிக் கிடக்கு?”

“உங்க பாட்டில் நெடிதான். சாப்பிடுங்க.”

மறுநாளிலிருந்து அவள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்தாள். காலேஜில் சோறு சீக்கிரம் ஆறிப்போகிறது என்று வைரவன் முணுமுணுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், கரிப்பென்சிலால், கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டாள். வீட்டில் புளி போட்டு வெள்ளிக் குத்துவிளக்கு தேய்க்கும்போது தனக்குத்தானே, “அமிலம்… அமிலம்” என்று சொல்லிக்கொள்வாள். புளிப்பில் இருப்பதும் அமிலந்தான் என்று தெரிந்த அன்று குழம்பைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள்.

ஆடி மாசம் அவள் வெளிச்சத்துக்கு வந்துவிட்டாள். வாய்தான் காரணம். காசிவிஸ்வநாதன் பாடத்தின் நடுவே நின்றுவிட்டார். “இதுக்குப் பேரு போராக்ஸ். தமிழில்… தமிழில்…” பட்டியலைப் புரட்டினார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். வகுப்பில் பையன்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஸ்டோர் ரூமில் இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

“வெங்காரம்!” என்று சத்தம் வந்தது.

“யாரது?”

மேஜையோரம் கையில் பாட்டிலோடு நின்ற வைரவனுக்கு வேர்த்துக் கொட்டியது. காசிவிஸ்வநாதன் கதவைத் தள்ளிப் பார்த்தார். தூக்குச்சட்டியை மார்போடு கட்டிக்கொண்டு ஒரு பொம்பளை நின்றாள்.

“நம்ம வீட்டுக்காரிதானுங்க” என்றார் வைரவன், ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிறவர் குரலில். “சோறு கொண்டாந்தா. நகையை ஒட்டிப் பத்துவைக்கிறப்ப வெங்காரம் போடுவோம், அதான் வாய்தவறி…”

“வாய்தவறிச் சரியாச் சொன்னாங்க” என்றார் காசிவிஸ்வநாதன். “ஏம்மா, காப்பர் சல்பேட்டுக்கு என்ன சொல்வீங்க?”

“மயில்துத்தம்.”

“அமோனியம் குளோரைடு?”

“அது எப்படி இருக்கும்னு காட்டுங்க, சொல்றேன்.” காட்டினார். மோந்து பார்த்தாள். “நவச்சாரம். இதுகூடவா உங்க தாள்ல இல்லை?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது, மறுபடியும் அவர் பக்கம் பார்த்து. அவரும் சிரித்துவிட்டார். “உள்ள வந்து உட்காருங்கம்மா. எனக்குப் பேரு தெரியலைன்னா நீங்க சொல்லுங்க, உங்களுக்குக் காரணம் தெரியலைன்னா நான் சொல்றேன்” என்றார். முன்வரிசையில் பெண்பிள்ளைகள் நாலு பேர் உட்காரும் பெஞ்சு இருந்தது. சாலா என்கிற பெண் நகர்ந்து இடம் விட்டாள். பிச்சையம்மாள் தூக்குச்சட்டியைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் பாடத்தைக் கேட்டாளா என்று தெரியாது, பெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைரவனுக்கு இது பிடித்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். பெண்டாட்டி உட்கார்ந்திருக்க, தான் நின்றுகொண்டு பாட்டில் எடுத்துக் கொடுப்பது அவருக்கு ஒருமாதிரி இருந்தது. “ஊரு சிரிக்கப்போகுது” என்றார். “சிரிக்கட்டும், நாலு பேரு சிரிச்சா நல்லதுதானே” என்றாள். ஆனால் ஒன்று கவனித்தார். வீட்டில் அவள் கேள்வி கேட்டால் அவருக்குப் பதில் தெரிந்தது. வெள்ளி திராவகத்தில் கரைகிறது, தங்கம் மட்டும் ஏன் கரையவில்லை என்று அவள் இழுத்தால், இருபது வருஷம் கையால் செய்த வேலையை அவர் வாயால் சொல்ல ஆரம்பிப்பார். அறுபத்துமூன்றுக்குப் பிறகு அந்த மனுஷன் வீட்டில் இவ்வளவு பேசியதே இல்லை.

தீபாவளி முடிந்த மறுவாரம் பிரின்ஸிபால் மீனாட்சிசுந்தரம் ரவுண்டு வந்தார். அவரும் ஒரு காலத்தில் கெமிஸ்ட்ரி எடுத்தவர். கண்டிப்பான ஆள், ஆனால் அநியாயக்காரர் இல்லை. முன்வரிசையில் நரை விழுந்த தலை ஒன்று தெரிந்ததும் நின்றுவிட்டார்.

“இவங்க யாரு?”

காசிவிஸ்வநாதன் சொன்னார். பிரின்ஸிபால் கேட்டுக்கொண்டார். “மிஸ்டர் காசி, இது காலேஜ், பொருட்காட்சி இல்லை. இவங்களை விட்டா நாளைக்கு ஊரே வந்து உட்காரும்.” பிறகு அவள் காலண்டர் தாள்களைப் பார்த்தார். எடுத்துப் புரட்டினார். கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி. வெள்ளிக்கிழமை நானே வந்து மூணு கேள்வி கேட்பேன். மூணுக்கும் பதில் சொன்னா இருக்கலாம். இல்லைன்னா சோத்தைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடணும். என்னம்மா?”

“சரிங்கய்யா” என்றாள் பிச்சையம்மாள்.

அந்த நாலு நாளும் அவள் படித்த படிப்பு! சோறு குழைந்தது, ரசத்தில் உப்பு இல்லை, வைரவன் வாய் திறக்காமல் சாப்பிட்டார். அவளுக்கு அந்த பெஞ்சு வேண்டும். பட்டம் வேண்டாம், சர்டிபிகேட் வேண்டாம், அந்த பெஞ்சும் அந்த ஒரு மணி நேரமும் வேண்டும். “மூணு கேள்விதானே, நான் பாத்துக்குறேன்” என்று தனக்கே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு நிறைந்திருந்தது. பிரின்ஸிபால் வந்தார். வைரவன் பின்சுவரோடு ஒட்டி நின்றார்.

“சுண்ணாம்புக்கல்லில் அமிலம் ஊத்தினா என்ன வரும்?”

“கரியமில வாயுங்கய்யா. நம்ம மூச்சுல வர்றதுதான்.” இதை அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

“மயில்துத்தத்தைச் சூடு பண்ணினா?”

“நீலம் போயி வெளுத்துப் பொடியாகும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டா மறுபடி நீலமாயிடும்.”

பிரின்ஸிபாலுக்கே சந்தோஷமாகிவிட்டது. அவளைத் தேற வைத்துவிட வேண்டும் என்றே மனுஷர் நினைத்தார் போல. “நீங்க பத்தர் வீட்டுப் பொம்பளை. உங்களுக்காகவே சுலபமா ஒண்ணு கேட்கிறேன்” என்றார். “அடுப்புல எரிக்கிற கரியும், விலை உசந்த ஒரு கல்லும் ஒரே பொருள்தான்னு படிச்சிருக்கீங்க. அந்தக் கல்லு எது?”

கடவுளே! உலகத்தில் வேறு கேள்வியே இல்லையா அந்த மனுஷனுக்கு?

பிச்சையம்மாள் எழுந்து நின்றாள். பதில் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பின்சுவரைப் பார்த்தாள். வைரவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சொல்லுங்கம்மா, தெரியும்ல உங்களுக்கு?” என்று சாலா கிசுகிசுத்தாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் கைகொடுத்தது.

“வெள்ளைக்கல்லுங்கய்யா” என்றாள்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. பிரின்ஸிபால் முகம் விழுந்துவிட்டது. “வெள்ளைக்கல்லா? அது கண்ணாடிம்மா. பத்தர் வீட்டிலேயே இப்படிச் சொன்னா எப்படி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“வெள்ளைக்கல்லுதாங்கய்யா” என்றாள் மறுபடியும். அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. காலண்டர் தாள்களை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தூக்குச்சட்டியை எடுத்து ஸ்டோர் ரூம் ஸ்டூலில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டாள். அன்றைக்கு வைரவன் சோற்றைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “நாளையிலேருந்து சோத்தைக் காலையிலேயே கட்டித் தந்துடுறேன். நீங்களே கொண்டுபோயிடுங்க” என்றாள். அந்த வார்த்தை அவரைச் சுட்டது.

“சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல புள்ள?”

“சொல்லமாட்டேன்.”

“தமிழ்ல வேணாம்னா, டைமண்டுன்னாவது சொல்லியிருக்கலாம்ல?”

“எந்தப் பாஷையில சொன்னாலும் அது உங்க பேருதானே.” முறத்தைக் கீழே வைத்தாள். அஞ்சு வருஷமாக ரெண்டு பேரும் எடுக்காத பேச்சை அப்போதுதான் எடுத்தாள். “அன்னிக்கு உங்க மடியில குப்பி இருந்துச்சு. எமன் கையிலேருந்து உங்களை வாங்கிட்டு வந்தேன். ஒரு பிரின்ஸிபால் கேட்ட கேள்விக்காகத் திருப்பிக் குடுப்பேனா? படிப்பு போனாப் போகுது. நீங்க இருங்க.”

வைரவன் கொல்லைப்பக்கம் போனார். தரையில் அந்த இடம் இன்னும் அரித்தபடியே கிடந்தது. அங்கே நின்று, தோள்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்தபோது ஒரு கோபம் வந்தது. பிரின்ஸிபால் மேல் இல்லை. பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற அட்டெண்டர் மேல்.

திங்கட்கிழமை காலையில் அவர் பிரின்ஸிபால் ரூமுக்குப் போனார். மேஜை துடைக்கப் போயிருக்கிறாரே தவிர, பேச என்று அதற்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை.

“என்ன?” என்று நிமிர்ந்தார் மீனாட்சிசுந்தரம்.

“ஐயா, எம் பேரு என்னங்கய்யா?”

“என்னய்யா கேள்வி இது? உனக்கே மறந்துபோச்சா?”

“கோவிச்சுக்காம ஒருதரம் சொல்லுங்கய்யா.”

“வைரவன். அதுக்கென்ன?”

“முதல் ரெண்டு எழுத்து மட்டும் சொல்லுங்கய்யா.”

“வைர…” என்று ஆரம்பித்த பிரின்ஸிபால் அப்படியே நின்றுவிட்டார்.

“அதான்யா அவ சொல்லாத பதில்” என்றார் வைரவன். “அவளுக்குத் தெரியாம இல்லை. தெரிஞ்சுதான் தோத்துட்டுப் போனா.”

பிரின்ஸிபால் பேனாவை மூடி வைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! “ரேஷன் ஆபீஸ்ல கிளார்க் எங்க வீட்டுக்காரிகிட்ட எம் பேரைக் கேட்டிருக்கான் வைரவா. அவ, ‘மதுரையில இருக்குற ரெண்டு சாமியையும் சேர்த்து எழுதிக்கங்க’ன்னு சொல்லியிருக்கா. அவன் மீனாட்சி சொக்கநாதன்னு எழுதிட்டான். இன்னிக்கு வரைக்கும் கார்டுல நான் சொக்கநாதன்தான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போய் அந்த அம்மாவைக் கூட்டிட்டு வா.”

பிச்சையம்மாள் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். வைரவன் காலையில் வேண்டுமென்றே விட்டுப்போன தூக்குச்சட்டியை முதல்தடவையாகத் தானே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் பின்னால் வந்தாள்.

வகுப்பில் பிரின்ஸிபால் சாக்பீஸை நீட்டினார். “அதே கேள்விதாம்மா. வாயால சொல்ல வேணாம். போர்டுல போடுங்க.”

பிச்சையம்மாள் போர்டுக்கு முன்னால் நின்றாள். அந்த மூணு எழுத்தைப் போர்டில் எழுதவும் கை வரவில்லை. எழுதினால் மட்டும் பெயர் பெயரில்லையா? யோசித்தாள். பிறகு வளைவாக ஒரே ஒரு எழுத்தைப் போட்டாள். C.

“கார்பன். சரி. ஆனா கரியும் அதுதானேம்மா?”

“ஆமாங்கய்யா. கரியும் இதான், அதுவும் இதான். வித்தியாசம் கட்டுலதான் இருக்கு.” அவள் மறுபடி சாக்பீஸை எடுத்தாள். C-யைச் சுற்றி நாலு C போட்டு நாலு கோடு இழுத்தாள். அந்த நாலிலும் மேலும் மேலும் கோடு இழுத்துக்கொண்டே போனாள். போர்டில் பாதி நிறைந்தது. “ஒவ்வொண்ணும் நாலு பேரு கையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. ஒருத்தரும் விடமாட்டாக. அதான் அந்தக் கல்லு உடையாம இருக்கு. கரியில இந்த ஒழுங்கு கிடையாது, அதான் தொட்டா உதிருது.”

காசிவிஸ்வநாதன் தம் கலைச்சொல் பட்டியலை மூடி வைத்தார். அவர் இதை ஒரே ஒருநாள்தான் நடத்தியிருந்தார், அதுவும் வார்த்தை கிடைக்காமல் அரைகுறையாக.

“இந்தக் கல்லுக்குப் பேரு?” என்று கேட்டார் பிரின்ஸிபால். கேட்கும்போதே அவருக்குச் சிரிப்பு.

பிச்சையம்மாள் வகுப்பின் பக்கம் திரும்பினாள். “புள்ளைகளா, நீங்க சொல்லுங்க.”

“வைரம்!” என்று அறுபது தொண்டை ஒரேயடியாகக் கத்தியது. ஸ்டோர் ரூமில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த வைரவன் யாரோ கூப்பிட்டார்கள் என்று நினைத்து, ஈரக்கையோடு, “இந்தா வந்துட்டேங்க!” என்று ஓடிவந்து நின்றார். அப்புறம் அந்த வகுப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆனது.

“ரிஜிஸ்தர்ல பேரு கிடையாது, பரீட்சை கிடையாது, சர்டிபிகேட்டும் கிடையாதும்மா” என்றார் பிரின்ஸிபால். “ஆனா நீங்க உட்காரலாம்.”

“உட்காரத்தானுங்கய்யா கேட்டேன்” என்றாள்.

மணியடித்தது. வழக்கம்போல வைரவன் போர்டு துடைக்கிற துணியோடு வந்தார். கையைத் தூக்கியதும், “ஐயோ, அதை அழிக்காதீக!” என்று பிச்சையம்மாள் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. உங்கள் பெயரை நீங்களே அழிப்பீர்களா என்று அவள் சொல்லவில்லை, அவருக்குப் புரிந்தது. அன்றைக்கு அந்தப் பாதிப் போர்டை அவர் துடைக்கவில்லை. மறுநாள் காசிவிஸ்வநாதனே துடைக்க வேண்டியதாயிற்று.

அன்று மத்தியானம் ஸ்டோர் ரூமில் அவர் சாப்பிட, அவள் பக்கத்தில் நின்றாள்.

“உங்களைக் கூப்பிட ஒரு பேரு கண்டுபிடிச்சிட்டேன்” என்றாள் மெதுவாக.

சோற்றுக்கை நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ‘இந்தாங்க’, ‘ஏங்க’ என்பதுதான் பெயர். “என்ன பேரு?”

“சி.”

“சீயா?”

“சீ இல்லைங்க, சி. போர்டுல போட்டேன்ல. அது உங்க பேரும் இல்லை, ஆனா உங்க பேருக்குள்ள அதான் இருக்கு. அதைச் சொன்னா ஆயுசு குறையாது.”

எழுபத்தைந்தாம் வருஷம் வரைக்கும் அவள் அந்த முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். கெமிஸ்ட்ரி முடித்து, செடிகொடிப் பாடம், அப்புறம் பிசிக்ஸ் என்று ஒவ்வொரு வகுப்பாகப் போனாள். சாலா போய்ப் புதுப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் புது லெக்சரர்கள் அவளிடம் பெயர் கேட்டார்கள், அவள் காரணம் கேட்டாள். பிசிக்ஸில் கரண்டு பாடம் மட்டும் அவளுக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெருவில்தான் ஒரு குழப்பம் வந்தது. காலையில் பிச்சையம்மாள் வாசலில் நின்று, “சி! சி! நேரமாச்சு!” என்று கூப்பிடுவாள். எதிர்வீட்டு சைதுன் பீவி நாலு நாள் பொறுத்துப் பார்த்தார். அஞ்சாம் நாள் முடியவில்லை.

“ஏன் பத்தரே, காலேஜுக்குப் போனதும் போனா, தெனம் வாசல்ல நின்னு உங்களைச் சீ சீன்னு திட்டுறாளே, கேட்டுக்கிட்டு இருக்கீகளா?”

வைரவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார். “திட்டலை பீவி. என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுறா” என்றார்.